மூன்று ஓமுக்கு இறங்கும் ஸ்பீக்கருக்குக் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் பொருந்துமா?

கேள்செவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதினேழு ஆண்டுகளாக என்னிடம் உழைத்துவரும் கிளாஸ் ஏபி (வழக்கமான பழைய வகை) ஆம்ப்ளிஃபையரில், சில மாதங்களாக இடப்பக்கச் சேனல் அவ்வப்போது மங்கிவிடுகிறது. சத்தத்தைச் சற்றுக் கூட்டினால் உடனே திரும்பி வந்துவிடுகிறது. இதைச் சாக்காக வைத்துப் புதிதாக ஒன்றை வாங்கலாமா என்று யோசித்து வருகிறேன். டிரான்சிஸ்டர்களை ஸ்விட்ச்போல இயக்கும் கிளாஸ் டி பக்கம் மனம் சாய்வதற்கு முக்கியக் காரணம் சூடுதான். ஆம்ப்ளிஃபையர் இருப்பது கதவு வைத்த மர அலமாரிக்குள். இரண்டு மணி நேரம் பாடினால் அதன் மேல்தகட்டில் கை வைக்க முடிவதில்லை.

ஸ்பீக்கர் தரையில் நிற்கும் வகை: தாழ்சுரத்துக்கு இரண்டு வூஃபர்கள், மேல்சுரத்துக்கு ஒரு ரிப்பன் ட்வீட்டர். தயாரித்தவர்கள் அதை 6 ஓம் என்று குறிப்பிட்டிருந்தாலும், இம்பீடன்ஸ் (ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஸ்பீக்கர் காட்டும் மின்தடை) வரைபடம் 130 ஹெர்ட்ஸ் அருகே 3.2 ஓமுக்கு இறங்குகிறது. ட்வீட்டர் பகுதி முழுவதும் 4 ஓமை ஒட்டியே செல்கிறது. உணர்திறன் 2.83 வோல்ட்டுக்கு ஒரு மீட்டரில் 86 டெசிபெல். அறை 4 மீட்டருக்கு 5 மீட்டர். நான் உட்காருவது ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டர் தள்ளி.

கிளாஸ் டி சப்வூஃபருக்குத்தான் சரி, முழு அலைவரிசைக்குச் சரிப்படாது என்று ஒரு சாராரும், இனி வேறு எதையும் வாங்குவது வீண் என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். என் ஸ்பீக்கரை மனத்தில் வைத்து யாராவது பதில் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வால்வுப்பிரியர் எழுதியது:

நண்பரே, நான் ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையரை வீட்டில் மூன்று வாரம் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். தாழ்சுரத்தில் குறை சொல்ல முடியாது. பிடிப்பும் வேகமும் இருந்தன. ஆனால் மேல்சுரம் வறண்டு போயிருந்தது. தாளத்தட்டு அடித்த பிறகு காற்றில் மெல்லக் கரைந்து போக வேண்டிய ஒலி, காகிதத்தில் மணலைக் கொட்டியதுபோலக் கேட்டது. ஒலியைத் துண்டுதுண்டாக நறுக்கி மறுபடியும் ஒட்டிவைத்தால் ஒட்டுத் தெரியாமலா போகும்? வீட்டு இசைக்கு இந்த இலக்கமுறை ஆம்ப்ளிஃபையர்கள் வேண்டாம் என்பது என் கருத்து. அலமாரியின் கதவைக் கழற்றுவது அதைவிட எளிது.

மின்தச்சன் எழுதியது:

வால்வுப்பிரியர் ஐயா கேட்டதை நான் மறுக்கவில்லை. அவர் சொல்லும் காரணத்தை மட்டும் மறுக்கிறேன்.

முதலில் பெயர். "டி" என்பது டிஜிட்டலின் முதல் எழுத்து இல்லை. ஏ, பி, சி என்று ஏற்கெனவே இருந்த வகைகளுக்கு அடுத்த எழுத்து, அவ்வளவே. உள்ளே நடப்பதும் பெரும்பாலும் அனலாக் வேலைதான். வரும் இசைச் சிக்னலை, விநாடிக்குச் சில இலட்சம் முறை ஏறி இறங்கும் ஒரு முக்கோண அலையோடு ஒரு கம்பேரட்டர் ஒப்பிடுகிறது. சிக்னல் உயரமாக இருக்கும் இடத்தில் துடிப்பு அகலமாகவும், தாழ்ந்த இடத்தில் குறுகலாகவும் அமையும். அந்தத் துடிப்புகளின் ஆணைப்படி மாஸ்ஃபெட்கள் (ஸ்விட்ச்போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள்) முழுவதுமாகத் திறக்கின்றன அல்லது முழுவதுமாக மூடுகின்றன. இடைநிலை என்று ஒன்று அவற்றுக்குக் கிடையாது. துடிப்பின் உயரம் மாறாது, அகலம் மட்டும் மாறும். அந்த அகலமும் எண்களாக நறுக்கப்படாமல் தொடர்ச்சியாக மாறுகிறது. கடைசியில் ஒரு கம்பிச்சுருளும் (காயில்) ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்த ஃபில்டர் அந்தத் துடிப்புகளைச் சராசரியாக்கி இசையை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

சூடு குறைவதன் இரகசியமும் இதுவே. முழுவதும் மூடிய மாஸ்ஃபெட்டில் மின்னோட்டம் இல்லை; முழுவதும் திறந்ததில் மின்னழுத்தம் ஏறக்குறைய இல்லை. இரண்டையும் பெருக்கினால் வீணாகும் திறன் மிகச் சிறிது. கோட்பாட்டளவில் கிளாஸ் பி-யின் உச்சத் திறன் 78.5 சதவீதம், நடைமுறையில் நல்ல கிளாஸ் டி 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஆனால் நாம் கேட்பது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் கீழே என்பதால், உச்சத் திறனைவிடச் சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதே உங்கள் அலமாரிக்கு முக்கியம். கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபையர் பாடாமல் இருக்கும்போதே 30 முதல் 60 வாட் வரை தின்பது சாதாரணம். அதே அளவு கிளாஸ் டி அதில் சிறு பங்கோடு நின்றுவிடும்.

இந்த எண்ணம் புதியதும் இல்லை. சின்க்ளேர் நிறுவனம் 1964-இலேயே எக்ஸ்-10 என்ற பெயரில் இதைப் பாகங்களாக விற்றது. அன்றைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சோனி 1977-இல் டிஏ-என்88 என்ற ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தது. வேகமான மாஸ்ஃபெட்கள் மலிவான பிறகே இது வீட்டுக்குள் நிலையாக நுழைந்தது.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். அந்தக் கடைசி ஃபில்டர் எந்த ஸ்பீக்கர் தொங்குகிறது என்பதைப் பொறுத்து நடத்தை மாறும். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் கூடுதலாக இருந்தால் மேல்சுரம் தூக்கிக்கொள்ளும். குறைவாக இருந்தால் அமுங்கிவிடும். பழைய வடிவமைப்புகள் பலவற்றில் ஃபீட்பேக்கை (வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுத் தவற்றைத் திருத்த எடுக்கும் சிக்னலை) ஃபில்டருக்கு முன்னாலேயே எடுத்துவிடுவார்கள். ஃபில்டர் செய்யும் தவற்றை ஆம்ப்ளிஃபையர் பார்க்கவே பார்க்காது. வால்வுப்பிரியர் ஐயா கேட்ட வறட்சிக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

வால்வுப்பிரியர் எழுதியது:

பெயர் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன், மின்தச்சன் ஐயா. "இலக்கமுறை" என்று இனி எழுத மாட்டேன். ஆனால் மேல்சுரம் தூக்கும், அமுங்கும் என்கிறீர்களே, எவ்வளவு என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். எண் இல்லாத குற்றச்சாட்டை நான் சொன்னால் செவியை நம்புகிறவன் என்று சிரிப்பீர்கள்; நீங்களும் எண் இல்லாமல் சொல்லலாமா?

மின்தச்சன் எழுதியது:

நியாயமான கேள்வி. கணக்கிட்டே தருகிறேன்.

சிப் அடிப்படையிலான ஆம்ப்ளிஃபையர்களில் அடிக்கடி காணப்படும் மதிப்புகளை எடுத்துக்கொள்வோம்: பிரிட்ஜ் இணைப்பு (ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கும் முறை), ஒவ்வொரு முனையிலும் 10 மைக்ரோஹென்றி காயில், 0.68 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஃபில்டரின் ஒத்ததிர்வு 61 கிலோஹெர்ட்ஸில் விழுகிறது. 8 ஓம் சுமை மாட்டினால் 20 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ அரை டெசிபெல் ஏற்றம். அதே ஆம்ப்ளிஃபையரில் 4 ஓம் மாட்டினால் 0.8 டெசிபெல் இறக்கம். கேள்செவியின் ரிப்பன் ட்வீட்டர் 4 ஓமில் நிற்பதால் அவருக்கு இரண்டாவது கதை. ஆனால் 15 கிலோஹெர்ட்ஸில் அந்த இறக்கம் அரை டெசிபெல்லுக்கும் குறைவு. 10 கிலோஹெர்ட்ஸுக்கு வந்தால் 0.2 டெசிபெல் மட்டுமே. நாற்பதைத் தாண்டிய செவிக்கு 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் மௌனம்தான். ஆகவே இந்தக் குறை உண்மையானது. ஆனால் பலர் எழுதுவதைப்போல மலையளவு இல்லை. ஃபில்டர் வெட்டத் தொடங்கும் அதிர்வெண்ணை இன்னும் தாழ்வாக வைத்த மலிவான ஆம்ப்ளிஃபையர்களில் இது பெரிதாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு மருந்து, ஃபீட்பேக்கை ஃபில்டருக்குப் பின்னால், ஸ்பீக்கர் முனையிலிருந்தே எடுப்பது. சொல்வதற்கு எளிது. ஃபில்டர் சிக்னலின் கட்டத்தை (ஃபேஸை) ஏறத்தாழ 180 பாகை திருப்பிவிடுவதால், அதையும் சுற்றுக்குள் சேர்த்தால் ஆம்ப்ளிஃபையர் தானே ஊளையிடத் தொடங்கிவிடும். புரூனோ புட்ஸீஸ் என்ற வடிவமைப்பாளர் ஃபிலிப்ஸில் இருந்தபோது உருவாக்கிய யூசிடி முறையின் அழகு இதில்தான் இருக்கிறது. ஊளையிட்டுத் தொலையட்டும், அந்த ஊளையையே ஸ்விட்சிங் அதிர்வெண்ணாக வைத்துக்கொள்வோம் என்று அவர் முடிவு செய்தார். முக்கோண அலையை உண்டாக்கத் தனிச் சுற்றே தேவைப்படவில்லை. பிறகு ஹைபெக்ஸ் நிறுவனத்தின் என்கோர் 2011 வாக்கிலும், ப்யூரிஃபை நிறுவனத்தின் ஐகன்டாக்ட் 2019-லும் அதே வழியில் வந்தன. இவற்றில் 4 ஓமையும் 8 ஓமையும் மாற்றி மாட்டினால் வரைபடத்தின் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதைக் காணலாம்.

சிப்களிலும் வழி உண்டு. ஒரே சிப்பை வைத்துக்கொண்டு, ஒருவர் ஃபில்டருக்குப் பின்னிருந்து ஃபீட்பேக் எடுத்திருப்பார், இன்னொருவர் எடுத்திருக்க மாட்டார். ஆகவே கேள்செவி, "கிளாஸ் டி-யா" என்று கேட்காதீர்கள். "ஃபீட்பேக் எங்கிருந்து எடுக்கப்படுகிறது" என்று கேளுங்கள்.

கேள்செவி எழுதியது:

மிக்க நன்றி. இரண்டை மனத்தில் வைத்திருக்கிறேன். ஒன்று உள்ளங்கை அகலச் சிப் ஆம்ப்ளிஃபையர். விளம்பரத்தில் "300 வாட் + 300 வாட்" என்கிறார்கள். கூடவே 32 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் தருகிறார்கள். இன்னொன்று மின்தச்சன் ஐயா சொன்ன இனத்தைச் சேர்ந்த மாட்யூல் (ஆயத்தமாக வரும் ஆம்ப்ளிஃபையர் பலகை) வைத்து, மின்வழங்கியும் உள்ளேயே அமைந்த பெட்டி. 4 ஓமுக்கு 200 வாட் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். பல மடங்கு விலை வித்தியாசம். சிறியது கூடுதல் வாட் காட்டும்போது பெரியதை ஏன் வாங்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

அளவுகோல் எழுதியது:

இது வாட் என்ற சொல்லை வைத்து நடக்கும் பழைய வித்தை. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடாப்டர் தரக்கூடியது 32 பெருக்கல் 5, அதாவது 160 வாட். இரண்டு சேனலும் சேர்ந்து தொடர்ச்சியாக அதற்குமேல் ஒரு வாட்கூடத் தர இயலாது. குடத்தில் இருப்பதுதானே குவளையில் வரும். அடுத்து மின்னழுத்தம். பிரிட்ஜ் இணைப்பில் 32 வோல்ட் வழங்கியிலிருந்து கிடைக்கும் சைன் அலையின் பயனுறு மதிப்பு, இழப்பையே கணக்கில் சேர்க்காவிட்டாலும், 22.6 வோல்ட். 8 ஓமில் அது 64 வாட். 4 ஓமில் 128 வாட். 4 ஓமில் 300 வாட் வேண்டுமானால் ஏறத்தாழ 49 வோல்ட் உச்சம் வேண்டும். அப்படியானால் அந்த 300 எங்கிருந்து வந்தது? சிப் தயாரித்தவரின் தரவுத்தாளிலிருந்து வந்தது. உதாரணமாக டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சிப்புக்கு 4 ஓமில் 315 வாட் என்று போட்டிருப்பார்கள்; அது 50 வோல்ட்டுக்கு மேற்பட்ட வழங்கியில், 10 சதவீதச் சிதைவில் எடுத்த அளவு. 10 சதவீதச் சிதைவு என்றால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டுவிட்டது என்று பொருள். அதை இசை என்று யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள்.

சரி, உங்களுக்கு எவ்வளவு தேவை? 86 டெசிபெல் உணர்திறன். 3 மீட்டர் தொலைவில் அறையின் எதிரொலிப்பையும் சேர்த்தால் 6 அல்லது 7 டெசிபெல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 திரும்பக் கிடைக்கும். ஆக 2.83 வோல்ட்டுக்கு உங்கள் நாற்காலியில் ஏறத்தாழ 82 டெசிபெல். நீங்கள் சராசரியாக 75-இல் கேட்பவர், உச்சங்கள் அதற்குமேல் 20 டெசிபெல் ஏறும் என்று வைத்தால், 95 டெசிபெல்லுக்கு 12.6 வோல்ட் பயனுறு மதிப்பு, அதாவது 18 வோல்ட் உச்சம் வேண்டும். 3.2 ஓமில் அது 5.6 ஆம்பியர். சிறிய பெட்டிக்கே இது கைக்கெட்டும் தூரம். சராசரி 80 என்றால் கதை மாறுகிறது: 32 வோல்ட் உச்சம், 10 ஆம்பியர். 32 வோல்ட் அடாப்டர் அங்கே மூச்சுத் திணறும். 5 டெசிபெல் கூடுதலாகக் கேட்பவருக்கு மூன்று மடங்குக்கும் மேற்பட்ட திறன் தேவைப்படுவதால், நீங்கள் எந்தச் சத்தத்தில் கேட்கிறீர்கள் என்பதை முதலில் அளந்து பாருங்கள்.

தரவுத்தாளைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும் சிதைவைக் காட்டுகிறவரை நம்பாதீர்கள். பல கிளாஸ் டி சுற்றுகளில் அதிர்வெண் ஏற ஏற ஃபீட்பேக்கின் வலிமை குறைந்துகொண்டே போகும். 1 கிலோஹெர்ட்ஸில் 0.003 சதவீதமாக இருப்பது 6 கிலோஹெர்ட்ஸில் பத்து மடங்கு ஆகியிருக்கலாம். 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அளவைக் காட்டினாலும் பயனில்லை. இருமடங்கு அதிர்வெண்ணில் வரும் அதன் இரண்டாம் ஹார்மோனிக்கே 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிடும், அளக்கும் கருவியின் ஃபில்டர் அதை வெட்டிவிடும், கோடு திடீரென்று அழகாகக் கீழே இறங்கும். அது ஆம்ப்ளிஃபையரின் நற்குணம் இல்லை.

டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் ஓமை ஆம்ப்ளிஃபையரின் உள்தடையால் வகுத்த எண்) 1000, 2000 என்று போடுவதைக் கண்டும் மயங்க வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் 3 மீட்டர் இழுத்தால் போகவும் வரவுமாக 0.04 ஓம் கம்பியிலேயே இருக்கிறது. 8 ஓமுக்கு அதுவே 200-க்கு மேல் போக விடாது.

பட்டறைவாசி எழுதியது:

நான் பழுதுபார்ப்பவன். இந்த இழையில் எல்லோரும் புதிய ஆம்ப்ளிஃபையரைப் பற்றிப் பேசுகிறீர்கள். பழையதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேள்செவி தம்பி, குறைந்த சத்தத்தில் ஒரு சேனல் மங்கி, கூட்டினால் திரும்பி வருகிறது என்றால் அது பெரும்பாலும் ஸ்பீக்கர் பாதுகாப்பு ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சின்) தொடுமுனை கறுத்துப்போனதன் அறிகுறி. பெரிய சிக்னல் வரும்போது அந்தக் கறையைத் துளைத்துக்கொண்டு மின்னோட்டம் போய்விடுகிறது. சிறிய சிக்னலால் முடிவதில்லை. ரிலேயை மாற்றினால் சரியாகிவிடும். விலைமிக்க பாகம் இல்லை. பிறகு நிதானமாக முடிவெடுங்கள். ரிலே கெட்டதற்காகக் கிளாஸ் ஏபி-யைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

கிளாஸ் டி-யைப் பற்றி என் பட்டறை அனுபவம் ஒன்று. இந்தச் சிறிய பெட்டிகள் பிரிட்ஜ் இணைப்பில் வேலை செய்வதால், கறுப்பு முனையும் தரை இல்லை. அதிலும் சிக்னல் ஓடுகிறது, வழங்கியின் பாதி மின்னழுத்தமும் நிற்கிறது. ஒருவர் சப்வூஃபரின் ஸ்பீக்கர் மட்ட உள்ளீட்டைக் கறுப்பு முனையோடு சேர்த்துக் கட்டினார். சப்வூஃபரின் தரை வேறு வழியாக ஆம்ப்ளிஃபையரின் தரையோடு சேர்ந்திருந்தது. சிப் நடுவில் ஒரு மிளகளவு பள்ளத்தோடு என் மேசைக்கு வந்தது. இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை மாற்றி மாற்றிக் கேட்க விற்கும் ஸ்விட்ச் பெட்டிகளில் கறுப்பு முனைகளை உள்ளேயே ஒன்றாக இணைத்திருப்பார்கள். அவற்றையும் தொடவே தொடாதீர்கள். இரு முனைகளையும் துண்டிக்கும் பெட்டி என்றால் பரவாயில்லை.

நீண்ட ஆயுளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுப் பழைய கிளாஸ் ஏபி வந்தால் டிரான்சிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் மாற்றி அனுப்பிவிடுவேன். கிளாஸ் டி மாட்யூல் போனால் பெரும்பாலும் மாட்யூலையே மாற்ற வேண்டும். அதே மாட்யூல் அன்றைக்கும் கிடைக்க வேண்டும். மாஸ்ஃபெட் போவதைவிட ஸ்விட்சிங் மின்வழங்கியின் கெப்பாசிட்டர் காய்ந்துபோவதையே நான் அதிகம் பார்க்கிறேன். கெப்பாசிட்டருக்குச் சூடுதான் எமன்; 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் பாதியாகிவிடும் என்பது எங்கள் தொழிலின் கணக்கு. ஆகையால் சூடே வராது என்று நம்பி மூடிய அலமாரிக்குள் இதையும் அடைத்து வைக்க வேண்டாம். பின்பலகையில் கையளவு துளையாவது இருக்கட்டும்.

வால்வுப்பிரியர் எழுதியது:

பட்டறைவாசி அண்ணனின் ரிலே யோசனைக்கு என் முழு ஆதரவு. இன்னொரு சந்தேகமும் உண்டு. நான் அந்த மூன்று வாரம் வைத்திருந்தபோது, அதே அறையில் மத்திய அலை ரேடியோவைப் போட்டால் நிலையங்களுக்கு நடுவே ஒரு கரகரப்பு கேட்டது. ஆம்ப்ளிஃபையரை அணைத்தால் அதுவும் நின்றது. ரேடியோவுக்குள் புகுந்தது என் ரெக்கார்ட் பிளேயரின் ஊசிக்குள் புகாதா?

மின்தச்சன் எழுதியது:

சரியாகவே கவனித்திருக்கிறீர்கள். ஸ்விட்சிங் 400 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதன் இரண்டாம், மூன்றாம் ஹார்மோனிக்குகள் 800, 1200 கிலோஹெர்ட்ஸில் விழும். அது மத்திய அலையின் நடுக்கூடம். ஸ்பீக்கர் கம்பி ஆன்டெனாவாகிவிடுகிறது. கையடக்க ரேடியோ ஒன்றை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, ஸ்பீக்கர் கம்பியை ஒட்டி நகர்த்திப் பாருங்கள். ஒரு சாண் தள்ளினாலே கரகரப்பு மடமடவென்று குறைந்தால் ஃபில்டர் தன் வேலையை ஓரளவு செய்கிறது. அறையின் மறுமூலையிலும் அப்படியே கேட்டால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். விலையுயர்ந்த அளவுகருவி இல்லாதவருக்கு இது ஒரு நல்ல சோதனை.

ரெக்கார்ட் பிளேயரின் ஊசி மில்லிவோல்ட் அளவில் வேலை செய்வதால், ஃபோனோ கம்பியை ஸ்பீக்கர் கம்பியோடு சேர்த்துக் கட்டக் கூடாது. மற்றபடி ஊசிக்குள் நேரடியாக நுழைந்து நான் கேட்டதில்லை. இரண்டு தனித்தனி மோனோ கிளாஸ் டி-களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது மட்டும் ஒரு மெல்லிய சீட்டி கேட்டிருக்கிறேன். ஒன்று 400 கிலோஹெர்ட்ஸிலும் மற்றது 403-இலும் ஓடினால், 3 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் செவிக்கு வந்துவிடும்.

கேள்செவி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். பட்டறைவாசி அண்ணன் சொன்னது அப்படியே பலித்தது. ரிலேயின் தொடுமுனைகள் கரி பூசியதுபோல இருந்தன. மாற்றிய பிறகு இடப்பக்கம் ஒரு முறைகூட மங்கவில்லை. பழையதும் உயிரோடு இருப்பதால், இரண்டு கிளாஸ் டி-யையும் கேட்டுப் பார்க்க வாங்கி மூன்றையும் ஒப்பிட்டேன்.

சத்தத்தைச் சமப்படுத்த ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து, 100 ஹெர்ட்ஸ் ஒலியில் மூன்றையும் 2.00 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். 0.1 டெசிபெல் என்பது 0.02 வோல்ட்டுக்குச் சற்று மேல் என்பதால் இரண்டாம் தசம இலக்கம் வரை விடவில்லை. மாட்யூல் பெட்டியில் சத்தக் கட்டுப்பாடே இல்லாததால் முன்னால் ஒரு ப்ரீஆம்ப்ளிஃபையரை மாட்டினேன். ஸ்விட்ச் பெட்டி வேண்டாம் என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு என் மகள் கையால் கம்பியை மாற்றுவாள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து எதை மாட்டுவது என்று அவளே தீர்மானிப்பாள். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பழையதுக்கும் மாட்யூலுக்கும் இடையே 16 முறையில் 9 முறை சரியாகச் சொன்னேன். அதாவது எனக்குத் தெரியவில்லை. மிருதங்கத்தின் தொப்பியில் மாட்யூல் இறுக்கமாக இருப்பதாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். கண்ணைக் கட்டியபின் அந்த இறுக்கம் எங்கே போனதோ தெரியவில்லை.

பழையதுக்கும் சிறிய சிப் பெட்டிக்கும் இடையே 16-இல் 12 வந்தது. பார்த்தீர்களா, 4 ஓம் ரிப்பன் காட்டிக்கொடுத்துவிட்டது என்று மகிழ்ந்து இங்கே நீளமாக ஒரு பதிவே தட்டச்சு செய்துவிட்டேன். அனுப்புவதற்குமுன் மகளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். சிறிய பெட்டியின் முனைகள் நெருக்கமாக இருப்பதால் அவள் விரல் நுழையாமல் ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாளாம். திருகு கிறீச்சிட்டதும் எனக்குக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த நாள், எதை மாட்டினாலும் இரண்டின் திருகையும் தளர்த்தி இறுக்கும்படி சொல்லி மறுபடியும் செய்தோம். 16-இல் 9. பதிவை அழித்துவிட்டேன்.

ஆனால் சத்தத்தைக் கூட்டியபோது வேறுபாடு வந்தது, அதற்குக் கண்ணைக் கட்டத் தேவையே இல்லை. சராசரி 82 டெசிபெல்லுக்குப் போனதும் சிறிய பெட்டி மேளத்தின் அடியில் ஒரு கணம் நின்று நின்று பாடியது. அளவுகோல் சொன்ன 10 ஆம்பியர் கணக்கு அங்கே நினைவுக்கு வந்தது. மாட்யூலும் பழையதும் அசையவில்லை. அப்படி நான் கேட்பது மாதத்தில் ஓரிரு நாள்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அளவுகோல் எழுதியது:

திருகின் ஓசையைக் கண்டுபிடித்த மகளுக்கு என் வணக்கம். 16-இல் 12 தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு என்பதால், அதை அப்படியே வெளியிட்டிருந்தால் நானும் நம்பியிருப்பேன். 36 வோல்ட்டில் கூடுதல் ஆம்பியர் தரும் அடாப்டர் கிடைத்தால், பெட்டியின் வரம்பைப் பார்த்துவிட்டு, அந்த 82 டெசிபெல் சோதனையை மட்டும் மறுபடி செய்யுங்கள். நின்று நின்று பாடுவது அடாப்டர் தற்காப்புக்காகத் துண்டித்துக்கொள்வதாக இருக்கும் என்று ஐயுறுகிறேன். ஆம்ப்ளிஃபையர் வெட்டுப்பட்டால் ஒலி கரகரக்கும், நிற்காது.

வால்வுப்பிரியர் எழுதியது:

கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பி மாற்றும் இடைவெளியில் செவியின் நினைவு மங்கிவிடும் என்பது என் நெடுநாள் ஆட்சேபம்; அதை இங்கும் பதிவு செய்கிறேன். ஆனாலும் தான் எழுதிய பதிவைத் தானே அழித்தவரோடு சண்டை போட மனம் வரவில்லை. கடைசியில் எதை வைத்துக்கொண்டீர்கள் என்று சொல்லவே இல்லையே?

கேள்செவி எழுதியது:

மாட்யூல் பெட்டியைத்தான், ஐயா. ஒலிக்காக இல்லை. மூன்று மணி நேரம் பாடிய பிறகு அதன் மேல்தகடு வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. அலமாரியின் பின்பலகையில் துளையும் போட்டுவிட்டேன். பழையது அடுத்த அறையில், திறந்த மேசையின்மேல் என் மகளின் சிறிய ஸ்பீக்கர்களோடு பாடுகிறது. கையடக்க ரேடியோவை மாட்யூலின் கம்பியருகே கொண்டுபோனேன்: இரண்டு சாண் வரை கரகரப்பு, அதற்குமேல் இல்லை. அடாப்டர் கிடைத்ததும் அளவுகோல் கேட்ட சோதனையைச் செய்து எழுதுகிறேன். சிறிய பெட்டியைத் திருப்பித் தர இன்னும் பத்து நாள் இருக்கிறது.